எருசலேம் கிழங்குக்குத் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை யாரும் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருவதில்லை, நாள் சரியில்லையாம், கொண்டுபோய் மரத்தில் மோதுவதற்கு மட்டும் எல்லா நாளும் நல்ல நாள்தான் என்று கலியமூர்த்தி நினைத்துக்கொண்டான், நினைத்ததும் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே ரப்பர் டியூபின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினான். தண்ணீர் விசிறியாகப் பிரிந்து செடிகளின் மேல் விழுந்தது. குன்னூரில் ஜனவரி மாதத்து வெயில் சுடுவதில்லை, முதுகில் யாரோ கை வைத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். தண்ணீர் மட்டும் விரலைக் கடித்தது. கடிக்கட்டும். வாரத்தில் ஆறு நாள் டிரைவிங் ஸ்கூல் காரில் இடது பக்கம் உட்கார்ந்து, கிளட்ச், கிளட்ச், அம்மா என்னைப் பார்க்காதீங்க ரோட்டைப் பாருங்க, அது ஹாரன் சார் பிரேக் இல்லை என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்கிறது. ஏழாவது நாள் இப்படிச் செடிகளோடு நிற்பது நல்லதுதான். செடிகள் கியர் மாற்றுவதில்லை. வாயைத் திறக்க வேண்டியதில்லை. வாயைத் திறக்க வேண்டியதில்லை என்றதும் எண்ணம் எங்கே போய் முட்டும் என்று அவனுக்குத் தெரியும், ஆனாலும் அங்கேதான் போய் முட்டியது. தலைக்கு மேலே, வீட்டின் பின்பக்கச் சன்னல் கண்ணாடிக்குப் பின்னால், மாவுக்கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு கட்டிலை விட்டு இன்றைக்குத்தான் சன்னலுக்கு வந்த மாமனார் ஞானாபரணம் உட்கார்ந்திருந்தார். கிறிஸ்துமஸ் லீவு முடிந்து ஹெப்சிபா பள்ளிக்கூடம் போய்விட்டாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். இந்த நாலு வருஷத்தில் இதுவரை இப்படி நேர்ந்ததே இல்லை, எப்படியோ நேராமல் பார்த்துக்கொண்டார்கள், மழை, காய்ச்சல், கிறிஸ்துமஸ், சர்ச் கமிட்டி என்று ஏதாவது ஒன்று வந்து நடுவில் நின்றுகொண்டது. இன்றைக்கு நடுவில் ஒரு கண்ணாடி மட்டும் இருந்தது.

நாலு வருஷமாக மாமனாரும் மருமகனும் ஒரு வார்த்தை நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. சண்டை என்றால் அப்படி ஒன்றும் சண்டை இல்லை, அதுதான் பெரிய தொந்தரவு, சண்டை என்றால் ஒருநாள் தீர்ந்துவிடும். ஹெப்சிபா அவனைக் காதலித்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது அவர் வரவில்லை. சபைக்காரர்கள் கேட்டதற்கு, பெண் பெரியவள், கணக்கு டீச்சர், அவளுக்குக் கூட்டிக் கழிக்கத் தெரியும் என்று மட்டும் சொன்னாராம். இரண்டு வருஷம் கழித்து, அப்பா தனியாக இருக்கிறார் என்று ஹெப்சி தவித்தபோது, மாடி அறை சும்மாத்தான் கிடக்கு என்று அவரே அவளிடம் சொன்னார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றான் கலியமூர்த்தி. அவர் பார்த்தார். இவனும் பார்த்தான். இவன் பெட்டியைக் கீழே வைத்தான். அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் அன்றைக்கு விழுந்த முடிச்சு. அதற்குப் பிறகு எல்லாம் ஹெப்சி வழியாகத்தான். சட்னிக் கிண்ணம் இரண்டு பேருக்கும் நடுவில்தான் இருக்கும், ஆனால் அவர், ஹெப்சி, ஒன் வீட்டுக்காரருக்குச் சட்னி வேணுமான்னு கேளு என்பார். இவன், போதும்னு சொல்லு என்பான். போதுமாம்ப்பா என்பாள் அவள். ஒருநாள் எரிச்சலில், ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது, எனக்கு எதுக்கு இந்தத் தபால்கார உத்தியோகம் என்றாள். இரண்டு பேரும் குற்ற உணர்ச்சியோடு இட்லியைப் பார்த்தார்கள், ஹெப்சியும் கையை உதறிவிட்டு எழுந்து போனாள், அதற்குப் பிறகு இரண்டு பேரும் சட்னியே இல்லாமல் சாப்பிட்டு முடித்தார்கள்.

டியூபை அடுத்த வரிசைக்கு இழுத்தான். அது கல்லில் சிக்கியது, விடுவித்தான், மறுபடி சிக்கியது. ஒரே இடத்தில்தான் சிக்குகிறது, அந்தக் கல்லை எடுத்துப் போட்டால் தீர்ந்தது, ஆனால் எடுப்பதில்லை, தினமும் விடுவிப்பதோடு சரி. செடிகள் அவனைவிட உயரம். சூரியகாந்திக்குத் தம்பி மாதிரி இருக்கும், பூவும் அப்படித்தான், சின்ன மஞ்சள் பூ, மண்ணுக்கு அடியில் இஞ்சி போல முண்டும் முடிச்சுமாகக் கிழங்கு. ஊரே கேரட்டும் பீன்ஸும் போட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் கீழ்த் தோட்டம் முழுக்க இதைப் போட்டிருக்கிறார். சர்க்கரை வந்த பிறகு டாக்டர் உருளைக்கிழங்கை நிறுத்தச் சொல்லிவிட்டார், இது சர்க்கரைக்காரர்களுக்கு ஆகும் என்று கூட வேலை பார்த்த யாரோ நாலு கிழங்கு கொடுத்தார்களாம், அதில் பெருகியது. அவர் இதற்கு எருசலேம் கிழங்கு என்றுதான் பெயர் சொல்வார், சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும், ஜெபத்துக்கு முன்னால் இறங்குகிற மாதிரி. கலியமூர்த்தி ஒருநாள் போனில் தேடிப் பார்த்தான். எருசலேமுக்கும் இந்தக் கிழங்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அமெரிக்காக்காரக் கிழங்கு இது, பெயர் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. ஹெப்சியிடம்கூட இதை அவன் சொல்லவில்லை. சொன்னால் அவள் அப்பாவிடம் சொல்வாள், அவர் முகம் வாடும். பேசாத மனிதருடைய முகம் வாடினால் தனக்கென்ன என்று இருக்க வேண்டியதுதானே என்று தன்னையே கேட்டுக்கொண்டான். இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். பிடித்துத் தொலைத்துவிட்டது அந்த மனிதரை.

முதல் வருஷம் நடந்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கும். மாமனார் தோண்டிய கிழங்கு, ஹெப்சி வைத்த பொரியல், எப்படியாவது அவர் மனதில் இடம் பிடித்துவிட வேண்டும் என்று மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். ருசி என்னவோ நன்றாகத்தான் இருந்தது, உருளைக்கிழங்கும் தேங்காயும் சேர்ந்த மாதிரி. அது எவ்வளவு வாயு என்று யாரும் சொல்லவில்லை. பெருங்காயத்தை அள்ளிப் போட வேண்டிய கிழங்கில் ஹெப்சி அன்றைக்கு ஒரு சிட்டிகை போட்டிருந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, இதுவும் இடம் பிடிக்கும் திட்டத்தில் ஒன்று, டிரைவிங் ஸ்கூலுக்கு லீவு போட்டு அவர்களோடு சர்ச்சுக்குப் போனான். கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சு, ஹெப்சி, அப்பா, இவன். எல்லாரும் கண்ணை மூடி மௌனமாக ஜெபிக்கிற நேரம் பார்த்து இவன் வயிறு பேச ஆரம்பித்தது. சும்மா பேச்சில்லை, கேள்வி கேட்டுப் பதிலும் சொல்லிக்கொண்டது. முன் பெஞ்சில் ஒரு அம்மாள் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள். கலியமூர்த்தி மூச்சைப் பிடித்தான், அது இன்னும் மோசம். அப்போதுதான் பக்கத்தில் ஞானாபரணத்தின் தோள்கள் குலுங்கியதைப் பார்த்தான். குனிந்த தலை, மூடிய கண், குலுங்கும் தோள். கோபமா, சிரிப்பா. இந்தக் கேள்விக்கு மட்டும் இவனுக்கு இன்றைக்கு வரைக்கும் விடை கிடைக்கவில்லை. சிரிப்பு என்றால் எவ்வளவு நன்றாக இருக்கும். சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும், கோபம் வந்தால் ஒருவருக்குத் தோள் குலுங்குமா, காது சிவக்கும், மூக்கு விடைக்கும். ஆனால் துக்கத்திலும் தோள் குலுங்கும். இப்படி ஒரு மருமகனா என்று ஆண்டவரிடம் அழுதிருந்தால்? இந்த இடத்துக்கு வந்ததும் எப்போதும் போல அவன் வேறு எதையாவது நினைக்க முயன்றான்.

டொக். மேலே சன்னலில் சத்தம். கைத்தடியால் தரையைத் தட்டுகிறார். அல்லது பாதிரியார் பார்க்க வந்தபோது கொடுத்த ஆரஞ்சு உருண்டு விழுந்திருக்கும். கலியமூர்த்தி நிமிர்ந்து பார்த்தான், கண்ணாடியில் வெயில் பட்டுப் பளபளத்தது, உள்ளே ஒரு தலை அசைவது மட்டும் தெரிந்தது. தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று ஒரு குஷி வந்தது, டியூபை வேருக்கே கொண்டுபோய் வைத்தான், மண் குடிக்கிற சத்தம் கேட்டது. கால் உடைந்த நாளிலிருந்து தோட்டம் இவன் பொறுப்பு. யாரும் சொல்லவில்லை, இவனாக எடுத்துக்கொண்டான். அவர் ஒழுகுகிற பூவாளியை வைத்துக்கொண்டு செடிக்கு ரெண்டு வாய் ஊற்றுவார், இவன் மழைத்தண்ணீர்த் தொட்டியிலிருந்தே டியூப் போட்டுவிட்டான். ஆனால் பொறுப்பு எடுத்த நேரம் சரியில்லை. இவன் கைக்கு வந்ததும் இலைகள் மஞ்சளிக்க ஆரம்பித்தன. அடியில் ஒன்று, அப்புறம் இரண்டு, இப்போது பாதிச் செடி மஞ்சள், ஓரங்கள் கருகி, பூவெல்லாம் தலைதொங்கி. அவரிடம் இருந்து எடுத்துக்கொண்ட ஒரே பொருள், அதையும் சாகடித்துவிட்டான் என்று பேர் வரக்கூடாது. கலியமூர்த்தி கடைமடைக்காரன், மன்னார்குடிக்கும் கிழக்கே, காவிரி கடைசியாக வந்து மூச்சு வாங்குகிற இடம். அங்கே வயல் மஞ்சளித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தண்ணீர் வரவில்லை. அப்பா மடைத்தலையில் போய் உட்கார்ந்திருப்பார், மேல்மடைக்காரன் எப்போது விடுவான் என்று, தோளில் துண்டு, வாயில் வெற்றிலை, வாய்க்காலின் காய்ந்த தரையை முறைத்துப் பார்த்துக்கொண்டு. தண்ணீர் வந்தால், நுரையும் சருகும் தவளையுமாக வந்தால், அப்பா எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார். தண்ணீருக்கு அந்த மரியாதை. தண்ணீர் அதிகமாகி ஒன்று கெட்டுப்போகும் என்பது கடைமடைக்காரன் மண்டையில் ஏறாத விஷயம். ஆகவே மஞ்சளிக்க மஞ்சளிக்க இவன் ஊற்றினான். காலையில் ஊற்றினான், ஸ்கூல் விட்டு வந்து சாயங்காலமும் ஊற்றினான். கணுக்கால் வரைக்கும் இப்போது சேறு.

டொக், டொக். இந்த முறை ஆரஞ்சு இல்லை. ஏதாவது வேண்டுமோ. தண்ணீர்ச் செம்பு பக்கத்தில் இருக்கிறது, மாத்திரையை ஹெப்சி எடுத்து வைத்துவிட்டுத்தான் போனாள். ஹெப்சிக்குப் போன் செய்து, அப்பாவுக்கு என்ன வேணும்னு கேட்டுச் சொல்லு என்று கேட்கலாம், ஆனால் அவர்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர்களின் போன் எல்லாம் இடைவேளை வரைக்கும் ஹெச்.எம். மேசைக்குள் போய்விடும். நேரே போய் நின்றால் என்ன. நின்று? என்னங்க என்று கேட்பதா. சார் என்பதா, அப்பா என்பதா, மாமா என்பதா. நாலு வருஷத்தில் அவரை அழைக்க ஒரு சொல் இவன் வாயில் வந்து உட்காரவில்லை. மனதுக்குள் மட்டும் மாமா என்றுதான் ஓடும், வெளியில் வரும்போது பல்லுக்குப் பின்னால் நின்றுவிடும். கால் உடைந்த அன்று இவன்தான் அவரைத் தோட்டத்துப் படிகளில் முதுகில் தூக்கிக்கொண்டு ஏறினான். நல்ல கனம் அந்த மனிதர். அவர் மூச்சு இவன் பிடரியில் பட்டது, வலியில் முனகினார், கை இவன் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தது, ஆனால் வார்த்தை ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், இவர் யாரு என்று கேட்டார். கலியமூர்த்தி அவர் வாயையே பார்த்தான். ஹெப்சி வீட்டுக்காரர் என்றார் ஞானாபரணம். ஹெப்சி வீட்டுக்காரர். தப்பில்லை, முழுக்க உண்மை. மருமகன் என்று சொல்லியிருக்கலாம். ரெண்டும் ஒன்றுதானே. ஒன்றில்லை. ஒன்றுதான் என்றால் ஏன் இப்போதுகூட டியூபைப் பிடித்த கையில் பிடி இறுகுகிறது.

இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் செல்வத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். செல்வம் பழைய கூட்டாளி, மேட்டுப்பாளையத்தில் சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் ஆரம்பிக்கிறான், நீ வந்தா ஆரம்பிக்கிறேன், இல்லேன்னா வேற ஆளைப் பார்க்கணும், ஸ்கூலுக்கு மேலேயே வீடு, தனி வீடு என்றான். தனி வீடு. அங்கே சட்னி கேட்க யாரும் நடுவில் வேண்டாம். ராத்திரி ஹெப்சியிடம் சொன்னபோது அவள் தலைமுடியைப் பின்னி முடித்தாள், பிறகு, நீ இங்க ஆவி மாதிரி நடமாடறது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு மூர்த்தி, போலாம்னா போலாம், அப்பாவுக்கு ஒரு ஆளை வச்சுக்கலாம் என்றாள். குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் இவன் போகவில்லை என்று அப்போதே சொல்லியிருப்பான். போக வேண்டுமா. இவனுக்குப் போக ஆசையே இல்லை, அதுதான் வேடிக்கை. இந்தப் பனி பிடித்திருக்கிறது, தேயிலைச் சரிவுக்கு நடுவே ரயில் கூவிக்கொண்டு ஏறுவது பிடித்திருக்கிறது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் ஜெபிக்கும்போது, இந்த வீட்டில் உள்ளவர்கள் எல்லாரையும் என்று சொல்கிற இடம் ரொம்பப் பிடித்திருக்கிறது. உள்ளவர்கள் எல்லாரையும். அதில் நானும் உண்டுதானே என்று ஒவ்வொரு ராத்திரியும் சோறு ஆறும்வரை யோசிப்பான். ஒரு வார்த்தை. அவர் என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், செல்வத்திடம் முடியாது என்று சொல்லிவிடுவேன். நல்ல வார்த்தையாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. தள்ளு என்று சொன்னாலும் சரி. ஆனால் இன்றைக்கா சொல்லப்போகிறார். செடி வேறு இப்படி மஞ்சளித்துக் கிடக்கிறது. மேலும் கொஞ்சம் ஊற்றினான்.

கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ ஆடியது. கண்ணை இடுக்கிப் பார்த்தான். அவருடைய சிவப்புக் கம்பளிச் சால்வை. உதறுகிறார். தூசி தட்டுகிறார் போலிருக்கிறது, பாவம், ஒண்டியாக உட்கார்ந்து அலுப்பு, ஏதாவது செய்ய வேண்டுமே. சன்னலைத் திறந்து உதறலாம், ஆனால் மழைக்காலத்தில் மரம் ஊதி அந்தச் சன்னல் இறுகிவிட்டது, இரண்டு ஆள் சேர்ந்து தள்ளினால்தான் திறக்கும். சால்வை மேலே போயிற்று, கீழே வந்தது, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். என்ன உதறு உதறுகிறார். மலை ரயிலில் கார்டாக முப்பது வருஷம் ஓடிய கை, கை இன்னும் நன்றாக இருக்கிறது, கால்தான் போயிற்று. அந்த ரயிலில் எஞ்சின் மலையேறும்போது பின்னாலிருந்து தள்ளும் என்று ஹெப்சி சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஆள் நின்று கொடி காட்டுவானாம், டிரைவருக்கு முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது, கொடியைப் பார்த்துத்தான் எல்லாம். பேச்சே கிடையாது, பச்சை என்றால் போ, சிவப்பு என்றால் நில். அப்படியே வாழ்ந்து பழகிய மனிதரிடம் நாம் பேச்சை எதிர்பார்த்தது தப்போ, டிரைவரோடு கார்டு உட்கார்ந்தா பேசுவார், ஆளுக்கு ஒரு முனை. சிவப்புச் சால்வை இப்போது குறுக்காக ஆடியது, வேகமாக, படபடவென்று. நல்ல கம்பளி. போன கிறிஸ்துமஸுக்கு இவன்தான் வாங்கினான், ஹெப்சி கையில் கொடுத்து, ஹெப்சிதான் கொடுத்தாள். யார் வாங்கியது என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா, தினமும் போர்த்திக்கொள்கிறார், தெரிந்து போர்த்திக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். சந்தோஷமாக இருந்தது. டியூபைக் கடைசிச் செடியின் தூரில் செருகிவிட்டு, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து, நாலு வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சன்னலைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தான்.

படார் என்று சன்னல் திறந்தது. கைத்தடியால் ஒரே குத்து. ஒரு பல்லி பயந்துபோய்ச் சுவரில் ஓடியது. "என்ன வே செய்யுதீரு அங்க? நிறுத்தும் வே தண்ணிய!" முதலில் அது தனக்கு என்று கலியமூர்த்திக்குப் புரியவில்லை. யாரையோ சொல்கிறார் என்று திரும்பிப் பின்னால் பார்த்தான், பின்னால் பக்கத்து எஸ்டேட் வேலியும் ஒரு கொய்யா மரமும்தான் இருந்தன. "அங்க என்னத்த பாக்கீரு, ஒம்மத்தான். எல மஞ்சளாச்சின்னா தண்ணிய நிறுத்தணும். கெழங்கு முத்திட்டுன்னு அர்த்தம். கால ஒடிச்சிக்கிட்டு இங்கன கெடந்து பாக்கேன், நீரு கொளம் வெட்டி வச்சிருக்கீரு. அம்புட்டும் அழுகிரும்லா. சேப்புத் துணிய காட்டுதேன், காட்டுதேன், பல்லக் காட்டிட்டு நிக்கீரு. டிரைவிங் மாஸ்டராம். சேப்ப காட்டினா நிக்கணும்னு தெரியாதா ஒமக்கு?" தெற்கே நாசரேத்துப் பக்கத்துப் பேச்சு, அவர் அப்பா காலத்தில் மலையேறி வந்த பேச்சு, ஹெப்சியிடம் அவர் இப்படிப் பேசி இவன் கேட்டதே இல்லை, கோபத்தில் எங்கேயோ அடியிலிருந்து அது பிய்த்துக்கொண்டு வந்தது. ஒமக்கு. நீயும் இல்லை, நீங்களும் இல்லை, நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்த மாதிரி ஒரு சொல். கலியமூர்த்தி ஒவ்வொரு வசவையும் நின்று வாங்கிக்கொண்டான், அவ்வளவு இனிப்பாக இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. ஸ்கூட்டரைக் கேட்டுக்குக் குறுக்கே விடுவது, ஈரத்துண்டை நாற்காலியில் போடுவது, குளிக்கும்போது ஒரே பாட்டின் ஒரே வரியைப் பாடுவது, ரெண்டாவது வரி தெரியாதா வே, நாலு வருஷமா அதையே கேக்கேன் என்று எல்லாம் வரிசையாக வந்தது. அப்படியானால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒன்றைக்கூட விடவில்லை.

"என்ன முழிக்கீரு? வாயில என்ன வச்சிருக்கீரு? பேசும் வே" என்றார். கலியமூர்த்தி வாயைத் திறந்தான். ஆறு நாள் கத்துகிற தொண்டையில் இப்போது காற்றுதான் வந்தது. பிறகு, "மாமா, நீங்கதானேங்க பேசவே இல்ல" என்றான். மாமா என்று தன் வாயிலிருந்தே வந்ததைத் தன் காதாலேயே கேட்டான். "நல்லாருக்கே கத" என்றார் அவர். "வீட்டுக்குள்ள வாரவன்லா மொதல்ல ஒரு தோத்திரம் சொல்லணும். தோத்திரம் வேண்டாம், ஒரு வணக்கம் சொன்னீரா? பொட்டியும் கையுமா வந்து நின்னு கல்லு மாதிரி பாத்தீரு. செரி, மாப்பிள்ளைக்கு நம்மள புடிக்கல, வயசான காலத்துல நாம எதுக்குப் போயி மேல விழணும்னு நானும் இருந்திட்டேன்." கலியமூர்த்தி சேற்றில் இரண்டடி முன்னால் வந்தான். "எங்க ஊர்ல மாமனாருதாங்க மொதல்ல வாங்கன்னு சொல்லணும். அவரு சொல்லாம மாப்பிள்ளை வாயைத் தொறந்தா, வெக்கங்கெட்டவன், சோத்துக்கு வந்தவன்னு பேசுவாங்க. நீங்க வாங்கன்னு சொல்லுவீங்கன்னுதான் நின்னேன். நீங்க பேப்பரைத் தூக்கிட்டீங்க." தண்ணீர் இன்னும் தூரில் கொப்பளித்துக்கொண்டிருந்தது. ஞானாபரணம் சால்வையைத் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். "இத ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலியே" என்றார் கடைசியில், குரல் இறங்கி. "அது தெரிஞ்சிருந்தா வாங்கன்னு சொல்ல எனக்கு என்ன காசா பணமா." அப்புறம் உடனே, அந்த இறங்கின குரலுக்கு வெட்கப்பட்டவர் போல, "மொதல்ல போயி அந்தக் கொழாய மூடும். பேசிக்கிட்டே நிக்கீரு" என்று கத்தினார்.

மூடினான். ஓடிப்போய் மூடினான், சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது, அதை அப்படியே விட்டுவிட்டு வந்தான். அழுகுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் இன்றைக்கே தோண்டிவிட வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. களைக்கொத்தை எடுத்தான். "அத வச்சி வெட்டினா பாதியா வரும், கையால தோண்டும்." கையால் தோண்டினான். மண் ஐஸ் மாதிரி இருந்தது, விரலில் உணர்வு போய்விட்டது, முட்டி வரைக்கும் சேறு, இவ்வளவு சந்தோஷமாகக் கடைசியாக எப்போது இருந்தான் என்று யோசிக்க முயன்றான், முடியவில்லை, ஏனென்றால் மேலேயிருந்து, வலது பக்கம், இல்ல வே ஒம்ம வலது, கொஞ்சம் ஆழமா, தூரப் புடிச்சி ஆட்டும் என்று ஒரு நொடி விடாமல் குரல் வந்துகொண்டிருந்தது, நாலு வருஷத்துப் பேச்சு பாக்கி இருந்தது அவருக்கு. முதல் தூரில் இரண்டு கிழங்கு கொழகொழத்துப் போயிருந்தது, அதற்கு ஒரு வசவு. மற்றதெல்லாம் கெட்டியாக, ரோஜா நிறத் தோலோடு, முண்டும் முடிச்சுமாக வந்தது. உயர்த்திக் காட்டினான். "கழுவிட்டுக் காட்டும், மண்ணையா பாக்கச் சொல்லுதீரு" என்றார், ஆனால் எட்டிப் பார்த்தார், மாவுக்கட்டோடு எவ்வளவு எட்ட முடியுமோ அவ்வளவு. தோண்டுகிற கையை நிறுத்தாமல் கலியமூர்த்தி கேட்டான், "மாமா, அன்னைக்கு சர்ச்சுல எனக்கு வயிறு சத்தம் போட்டுச்சே, உங்களுக்குக் கோவமா?" பதிலுக்குப் பதிலாக ஒரு சத்தம் வந்தது, இருமல் போல ஆரம்பித்து அடங்கவே மாட்டேன் என்றது. நிமிர்ந்து பார்த்தான். சன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார், தோள்கள் குலுங்கின. சிரித்து முடித்துச் சால்வை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவராக முகத்தை இறுக்கினார். "ஹெப்சிகிட்ட ஒண்ணும் சொல்லிராதேயும். சாயங்காலம் அவ வந்ததும் பழைய மாதிரியே இருப்போம். மெல்ல ரெண்டு நாள் போவட்டும். ஒரேயடியா சொன்னா நம்மளப் பாத்துச் சிரிப்பா." நம்மளை என்றார். கலியமூர்த்தி சரி என்று தலையாட்டினான், சிரிப்பை அடக்கியதில் கன்னம் வலித்தது.

கூடை பாதி நிறைந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. சேற்றுக் கையை லுங்கியில் துடைத்து எடுத்தான். ஹெப்சி. இடைவேளை விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. "மூர்த்தி, அப்பா மாத்திரை போட்டாரா? ஒன்னும் தகராறு இல்லையே?" என்றாள். பிறகு, மூச்சை இழுத்துக்கொண்டு, "செல்வத்துக்கு என்ன சொன்னே? போறோம்னு சொல்லிட்டியா?" என்றாள். அவளுடைய குரலில் ராத்திரி இல்லாதது இப்போது இருந்தது. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறான், என்ன சொல்வது, எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தான், அதற்குள் மேலேயிருந்து குரல் முழங்கிக்கொண்டு வந்தது, "போன்ல என்ன வே பேச்சு, அந்த மூலைச் செடிய விட்டுட்டீரு பாரும், அடியில கெடக்கும் நாலு கெழங்கு, கைய வுட்டுப் பாரும் மாப்ள!" போனில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாடுகிற இரைச்சல் கேட்டது. பிறகு ஹெப்சி மெதுவாக, "அப்பா யாருகிட்ட பேசிட்டிருக்காரு?" என்றாள்.

"எங்கிட்டதான்" என்றான்.